கடலடி கண்ட ஆசிரியர் மாரிஸ் யூயிங்

இந்நிலவுலகின் மேற்பரப்பில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேற்பட்ட இடத்தைக் கடல்நீர் போர்த்திருக்கின்றது என்பதைத் தொடக்கப் பள்ளிச் சிறாரும் அறிவர். அந்நீர்ப் போர்வையின் கீழ் என்ன உளது என்று வினவினால், இற்றைக்கு நூறாண்டுகட்கு முன்னர்த் தக்க விடை கூற வல்லார் மிக அரியராயிருந்தனர். கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி ஆழம் அளந்தவர் இருந்தனர். அக்குண்டின் அடியில் ஒட்டி வந்த சேற்றைச் சிமிழில் அடைத்து வைத்தவரும் இருந்தனர். அதற்கு மேல், ஆழ்கடலின் தரை மேடு பள்ளமற்ற சேற்று வெளியாகும் என்றே கற்றவரும் பலர் கருதிவந்தனர். அவ்வெண்ணத்தை மாற்றுதற்குத் தம் வாணாள் முழுமையும் செலவிட்ட ஒருவரது சரிதத்தை இவ்விதழில் நம் அன்பர்கட்கு எழுதப் புகுந்தோம். அவர் அமெரிக்க ஐக்கிய நாட்டினராகிய வில்லியம் மாரிஸ் யூயிங் என்பார்.

நாம் தமிழ் கற்பிக்கும் தொழிலினேம். பௌதிக நூல் நம் துறையன்று. ஆயினும் யூயிங்கின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய நாள்முதல், அதனை ஓர் ஆசிரியரின் வரலாறாகவே நாம் கண்டோம். ஆசானுக்கும் மாணாக்கர்க்கும் இடையே எழுந்த ஒரு பெருவழக்கு அதனுள் அடங்கியிருக்கின்றது. அவ்வழக்கே இதனை எழுதுமாறு நம்மைத் தூண்டியது.

யூயிங் 1906-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் டெக்ஸாஸ் மாகாணத்து லாக்னி என்னும் சிற்றூரிற் பிறந்தார். கடற்கரைக்கு நெடுந்தொலைவில், மரமும் நீரும் அருகிய உயர்ந்த சமவெளியில் அமைந்தது அவ்வூர். பெற்றோர் எளிய குடியினர். அவர்கட்குப் பிறந்த மக்கள் பதின்மர். முதல் மூவரும் குழவிப் பருவத்தே இறந்தமையால், நான்காவதாகப் பிறந்த மாரிஸே மூத்த மகனென வளர்ந்தார். பதினாறாம் வயதில் உதவித்தொகை பெற்று ஹூஸ்டன் நகரத்து ரைஸ் கல்லூரியிற் சேர்ந்தார். உதவித்தொகை போதாமையால், இரவு முழுதும் திறந்திருக்கும் மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்த்துப் பகலிற் பாடம் கேட்டார். கல்லூரி நாளிலேயே அவர் எழுதிய முதற்கட்டுரை 1926-இல் ஸயன்ஸ் என்னும் பேர்பெற்ற இதழில் வெளிவந்தது. புல்மேல் உறைந்த பனித்துளிகளில் நிலவொளி பட்டுத் தோன்றும் வானவில்லைப் பற்றியது அக்கட்டுரை. இரவு வேலை முடித்து வருகின்ற இளைஞன் கண்ணுக்கே அது தென்படும் போலும்!

விடுமுறைக் காலங்களில் எண்ணெய் தேடும் குழுவினரோடு சேர்ந்து கூலிவேலையும் செய்தார். அக்குழுவினர் நிலத்திற் குழி தோண்டி வெடிமருந்தை இட்டு வெடிப்பர். அவ்வதிர்ச்சி பூமிக்குள் ஓடி, பாறைகளில் தாக்கி, வளைந்து மீளும். மீண்டுவரும் நேரத்தைக் கருவிகள் குறித்துக்கொள்ளும். மென்மையான மண்ணில் அதிர்ச்சி மெல்ல நடக்கும், கடும்பாறையில் விரைந்தோடும். ஆதலின் நேரத்தைக் கொண்டு, கீழே இருப்பது மணலோ கல்லோ, எத்துணை ஆழத்தில் என்று கணக்கிட்டுவிடலாம். மருத்துவன் நெஞ்சின்மேல் விரலால் தட்டி உள்ளிருக்கும் நோயை அறிவது போன்றது இது. இம்முறையே பின்னர் யூயிங்குக்கு வாழ்நாட் கருவியாயிற்று. 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்கு முன்னரே, 1930-இல், பென்சில்வேனியா மாகாணத்து லீஹை பல்கலைக்கழகத்தில் பௌதிக ஆசிரியராக அமர்ந்துவிட்டார்.

லீஹையில் அவர்க்கு ஆராய்ச்சிப் பணம் இல்லை, வகுப்புக்களோ மிகுதி. கையில் அகப்பட்டதைக் கொண்டே வேலை செய்தார். குளிர்காலத்தில் ஏரிநீர் உறைந்தபோது மாணாக்கரைக் கூட்டிச் சென்று, பனிக்கட்டியின்மேல் அதிர்ச்சி ஓடும் விரைவை அளந்தார். அம்மாணாக்கருள் ஆல்பர்ட் கிரேரி ஒருவர். இவர் பின்னாளில் வடதுருவம், தென்துருவம் ஆகிய இரண்டிலும் அடிவைத்த முதல் மனிதர் என்னும் புகழ் பெற்றார். ஏரிப்பனியில் நடை பழகியது வீண்போகவில்லை.

1934 நவம்பரில் இரு பெரியோர் அவரைத் தேடி லீஹைக்கு வந்தனர். ஒருவர் கடற்கரை அளவைத் துறையைச் சேர்ந்த வில்லியம் போவி. மற்றவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் பீல்ட். கரையை ஒட்டிய ஆழமில்லாக் கடற்பகுதி எதனால் ஆயது, அது பாறையோ வண்டலோ என்பதை வெடிமுறையால் அறிய இயலுமா என்று அவர்கள் கேட்டனர். யூயிங் தயங்காது ஒப்பினார். சந்திரனில் அக்கருவியை வைக்கச் சொல்லியிருந்தாலும் தாம் அன்று ஒப்பியிருப்பார் என்று அவர் பிற்காலத்திற் சொல்லிச் சிரிப்பதுண்டாம். அச்சிரிப்பு மெய்யாகவே பலித்ததைப் பின்னர்க் கூறுவோம். அமெரிக்க நிலநூற் சங்கத்தார் 2000 டாலர் உதவினர். 1935-இல் உட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்து அட்லாண்டிஸ் என்னும் பாய்க்கப்பலில் முதன்முறை கடலேறினார். ஆழங்குறைந்த அக்கடற்பகுதி பல்லாயிரம் அடி கனமுள்ள வண்டற் படிவு என்பது தெளிவாயிற்று. இன்று உலகின் பல நாடுகள் கடலடியிலிருந்து எண்ணெய் எடுக்கின்றன. அக்காலத்தோ, இவ்வாராய்ச்சிக்கு உதவுமாறு யூயிங் வேண்டியபோது எண்ணெய் வாணிகர் மறுத்துவிட்டனர். நிலத்திலேயே எண்ணெய் மலிவாகக் கிடைக்கையில், நீருக்கடியில் தேடுவார் பேதையர் என்பது அவர்கள் கருத்துப்போலும்.

கரைக்கடலை விட்டு ஆழ்கடலுக்குச் செல்லுதல் வேறு காரியம். மூன்று மைல் ஆழத்திற் கருவியை எப்படி இறக்குவது? இறக்கினும் எப்படி மீட்பது? யூயிங்கும் அவர் மாணாக்கர் ஆலின் வைன் என்பாரும் கம்பியே இல்லாமல் கருவிகளை விட்டனர். நீரினும் இலேசான பெட்ரோலை நிரப்பிய மிதவையோடு கருவியைப் பிணைத்து, அதன்மேற் பாரமும் கட்டி மூழ்கவிடுவர். அப்பாரத்தைப் பற்றியிருப்பது ஓர் உப்புக்கட்டி. உப்புக் கரைந்தவுடன் பாரம் கழன்று வீழும்; மிதவை கருவியோடு மேலே எழும்பிவரும். நம் வீட்டு அடுக்களைப் பொருளைக் கொண்டு கடலின் ஆழத்தை வென்ற இச்சூழ்ச்சியை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் மாணவர் முகம் மலர்வதை நாம் கண்டிருக்கின்றோம். ஆலின் வைனின் பெயரைச் சுருக்கியே ஆல்வின் என்னும் ஆழ்கடல் மூழ்குகலத்திற்கு 1964-இல் இட்டனர்.

இரண்டாம் உலகப் போரில் யூயிங் கடற்படைக்காக உழைத்தார். அப்போது அவர் கண்ட பெரும்பொருள் ஒன்று உண்டு. கடலில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஒலி மிக மெதுவாகச் செல்லும் ஓர் அடுக்கு இருக்கின்றது. அதற்கு மேலே நீர் வெப்பமுடையது. கீழே அழுத்தம் மிகுந்தது. இரண்டும் ஒலியை விரைவுபடுத்துவன. ஆதலின் அவ்வடுக்கில் எழுந்த ஒலி மேலும் கீழும் சிதறாமல், மடை கட்டிய வாய்க்கால் நீர்போல் அதனுள்ளேயே ஓடும். சிறிய வெடியொலியும் ஆயிரக்கணக்கான மைல் செல்லும். கடலில் வீழ்ந்த விமானிகள் இருக்குமிடத்தை அறிய இதனைப் பயன்படுத்தலாம் என்றார் யூயிங். இதுபோன்றதொரு வாய்க்கால் வானிலும் உண்டென்று கருதி, பகைநாட்டு அணுகுண்டு ஒலியை ஒற்றறியப் பலூன்களிற் கருவி கட்டிப் பறக்கவிடும் சூழ்ச்சியையும் அவரே கூறினார். 1947-இல் அத்தகைய பலூன் ஒன்று ராஸ்வெல் என்னும் ஊருக்கருகில் வீழ, அது வேற்றுலகத்தார் ஊர்தியென்று பேச்சு எழுந்து, இன்றளவும் அதனை நம்புவார் உளர். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

போருக்குப்பின் அவர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயினார். 1949-இல் அப்பல்கலைக்கழகத்திற்கு ஒரு நன்கொடை வந்தது. தாமஸ் லாமாண்ட் என்னும் செல்வரின் மனைவி பிளாரன்ஸ் அம்மையார், கணவர் இறந்தபின், ஹட்ஸன் ஆற்றின் மேற்கரையில் பாலிஸேட்ஸ் என்னுமிடத்திலிருந்த தம் மாளிகையையும் தோட்டத்தையும் கொடுத்தார். யூயிங்கும் அவர் மாணாக்கரும் அங்கே குடியேறினர். மாளிகையின் சமையற்கூடம் இரசாயனச் சாலையாயிற்று. லாமாண்ட் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது இவ்வாறே.

ஆசான் இரவும் பகலும் அங்கேயே கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பது அவர் பஞ்சாங்கத்தில் இல்லை. நள்ளிரவில் ஒரு மாணாக்கர் விளக்கை அணைத்து வீடேக எழுந்தால், ஆசானது அறையில் ஒளி தெரிவது கண்டு மீண்டும் அமர்ந்துவிடுவாராம். வைதலோ அடித்தலோ இல்லை, அவ்விளக்கொளியே பிரம்பாயிருந்தது. கருவியைத் தாமே செய்தல், தாமே கடலுக்குக் கொண்டு செல்லல், பழுதுபட்டாற் புயலிடைத் தாமே சீர்செய்தல் என்பன அங்கே எல்லார்க்கும் விதி. குடும்பவாழ்வு இதனால் இடருற்றது. மும்முறை மணம் புரிந்தவர் அவர். அதனைப் புகழுரைக்குள் மறைக்க நாம் விரும்பவில்லை.

1953-இல் நிலையத்திற்கு ஒரு கப்பல் கிடைத்தது. மூன்று பாய்மரமுடைய அதன் பெயர் வீமா. நம் செவிக்கு வீமசேனன் பெயர்போல் ஒலிப்பினும், அது முன்னாள் உடையவரான வெட்லெசன் என்பார் பெயரின் முதலெழுத்துக்களையும் அவர் மனைவி மாட் பெயரின் முதலெழுத்துக்களையும் சேர்த்த பெயராம். 1923-இற் செல்வர் உல்லாசத்திற்காகக் கட்டப்பட்ட அக்கப்பல், யூயிங் கையிற்பட்டபின் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. கடலில் இருக்கும் நாள்தோறும் நீண்ட இரும்புக்குழாயை அடியில் இறக்கிச் சேற்றுத்தூண் ஒன்றேனும் எடுத்தல் வேண்டும் என்பது ஆசானது கட்டளை. ஏன் இவ்விடம் என்று கேட்டல் கூடாது. கப்பல் இருக்குமிடமே இடம். ஆழமும், காந்தவிசையும், ஈர்ப்பும் வழிநெடுக அளக்கப்பட்டன. இவையெல்லாம் எதற்கு உதவும் என்பது அந்நாளில் எவர்க்கும் தெரியாது. எதற்கேனும் உதவும் என்பது மட்டும் யூயிங்குக்குத் தெரியும்.

1954 ஜனவரியில் அட்லாண்டிக் பெருங்கடலிற் கடும்புயல். மேற்றளத்தில் கட்டவிழ்ந்து உருண்ட எண்ணெய்ப் பீப்பாய்களைப் பிணைக்க யூயிங்கும், அவர் தம்பி ஜானும், கப்பல் துணைத்தலைவர் இருவரும் சென்றனர். பேரலை ஒன்று நால்வரையும் கடலில் வாரி எறிந்தது. கப்பல் அப்புயலிலும் திரும்பி வந்து மூவரை மீட்டது. துணைத்தலைவருள் ஒருவர் கடலோடு போனார். யூயிங்கின் உடலில் இடப்பாகம் செயலற்றது. நாளடைவில் நலமுற்றாரெனினும், அதுமுதல் ஒருகால் தாங்கியே நடந்தார். அலையிடை மிதந்தபோது தம் பிள்ளைகளையே நினைத்துப் போராடியதாகப் பின்னர் அவர்கட்குக் கடிதம் எழுதினார். அவர் மீண்டும் கடலேறினார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி அவர் மாணாக்கர் கண்டவற்றைக் கூறுவாம். 1929-இல் வடஅட்லாண்டிக்கில் ஒரு பூகம்பத்தின்பின் கடலடித் தந்திக்கம்பிகள் பன்னிரண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பதின்மூன்று மணி நேரத்தில் அறுந்தன. காரணம் தெரியாதிருந்தது. 1952-இல் யூயிங்கும் புரூஸ் ஹீஸனும், அவை அறுந்த நேரத்தைக் கணக்கிட்டு, சரிவிலிருந்து பெயர்ந்த சேற்றுவெள்ளம் மணிக்கு 50 மைலுக்கு மேற்பட்ட விரைவோடு ஓடி அவற்றை அறுத்ததென நிறுவினர். அதே காலத்தில் மேரி தார்ப் என்னும் பெண்மணி, கப்பல்கள் கொணர்ந்த ஆழக்கணக்கை யெல்லாம் படமாக வரைந்துகொண்டிருந்தார். பெண்கள் கப்பலேறல் கூடாதென்பது அந்நாள் வழக்கம். ஆகவே அவர் காணாத கடலை மேசைமேல் வரைந்தார். அட்லாண்டிக்கின் நடுவே கிடந்த மலைத்தொடரின் உச்சியில் நெடுகப் பிளவொன்று ஓடுவதை 1952-இல் அவர் கண்டார். ஹீஸன் முதலில் அதனைப் பெண்பேச்சென்று தள்ளினார். பூகம்பங்கள் நிகழும் இடங்களைக் குறித்த படத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒன்றாகப் பொருந்தின. அதன்பின் மறுத்தற்கு இடமில்லை. 1956-இல் யூயிங்கும் ஹீஸனும், அம்மலைத்தொடர் உலகக் கடல்களையெல்லாம் சுற்றி 40,000 மைல் ஓடுகின்றதென வெளியிட்டனர். நம் இந்தியப் பெருங்கடலின் நடுவிலும் அது கிடக்கின்றது. இமயத்தினும் நெடிய அத்தொடரை முதலிற் பிளவோடு கண்ட அம்மையாரின் பெயர் அவ்வறிக்கையில் இல்லை. இது குறையே.

இங்கேதான் நாம் முன்னர்ச் சொன்ன வழக்கு எழுகின்றது. கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மானியராகிய ஆல்பிரட் வெக்னர் 1912-இற் கூறினார். அமெரிக்க நிலநூலார் பலர் நகைத்தனர். யூயிங்கும் அதனை ஏற்கவில்லை. கடலடி என்றும் நிலைத்தது, தொன்மையானது என்பதே அவர் கொள்கை. ஆயின் அவர் கப்பல்கள் கொணர்ந்த சான்றோ வேறு கூறிற்று. கடலடி தொன்மையானதாயின் அங்கே வண்டல் மிகக் கனமாக இருத்தல் வேண்டும். யூயிங் அளந்தபோதோ மிக மெல்லிதாயிருந்தது. நடுமலைத்தொடரின் மேல் ஏறக்குறைய இல்லவேயில்லை. பதினான்கு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பழஞ்சேறு எக்குழாயிலும் அகப்படவில்லை. 1966-இல் அவர் நிலையத்து இளைஞர் வால்டர் பிட்மன், எல்டானின் என்னும் கப்பல் தென்பசிபிக்கில் எடுத்த காந்தக் கணக்கைப் பார்த்தார். மலைத்தொடரின் இருபுறமும் காந்தவரிகள், ஏட்டை இரண்டாக மடித்தாற்போல ஒன்றுக்கொன்று பிசகாமற் பொருந்தின. நடுவிற் புதுப்பாறை பிறந்து இருபக்கமும் விலகிச் செல்கின்றது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டா. நீல் ஆப்டைக் என்பார் சேற்றுத்தூண்களில் அக்காந்தவரலாற்றையே மேலிருந்து கீழாகப் படித்தார். லின் சைக்ஸ், ஜாக் ஆலிவர், பிரையன் ஐஸாக்ஸ் ஆகியோர் 1968-இற் பூகம்பங்களைக் கொண்டே அதனை உறுதிசெய்தனர். எல்லாரும் ஆசானது நிலையத்தார். எல்லாம் ஆசான் திரட்டிய, அல்லது திரட்டக் கற்பித்த பொருள்.

1966-இன் இறுதியில் நியூயார்க்கில் நடந்த ஒரு கூட்டத்தில், யூயிங் தம் நண்பராகிய ஆங்கில அறிஞர் எட்வர்ட் புல்லார்டை அணுகி, நீருமா இவற்றை நம்புகின்றீர் என்ற கருத்தில் வருந்திக் கேட்டாராம். அறுபது வயதில், தம் கையால் நட்ட மரம் தம் கூரையைப் பிளந்து மேலெழக் கண்டவர் மனம் எத்தகையது! நாமே சில ஆண்டுகட்கு முன் ஒரு செய்யுளுக்குத் தவறாகப் பதம் பிரித்துப் பொருள் உரைத்தோம். கடைசிப் பலகையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து வேறு பிரித்துக் காட்டினான். அவன் பிரித்ததே சரி. அதனை அன்று ஒப்பாமல், அமர்க என்று கூறி மேலே சென்றோம். அவனை மறுநாள் அழைத்துச் சொல்லலாமென்றிருந்தோம், மறுநாளும் சொல்லவில்லை. அச்சிறுவன் முகம் இன்றும் நம் கண்முன் நிற்கின்றது. ஆதலின் யூயிங்கைத் தீர்ப்பிட நமக்குத் தகுதி சிறிது.

யூயிங் செய்தது யாது? பிட்மனையோ சைக்ஸையோ அவர் தடுத்திலர். அவர்கள் எழுதியவை தம் நிலையத்துப் பெயரோடே வெளிவர விட்டார். கப்பல்களையும் மேலும் அனுப்பினார். காலப்போக்கிற் புதுக்கொள்கையைத் தாமும் ஏற்றார். ஆனால் ஹீஸனிடத்து அவர் நடந்தது வேறு. இருவர்க்கும் பகை முற்றியபோது ஹீஸனுக்கு நிலையத்துக் கப்பல்களும் சான்றுகளும் மறுக்கப்பட்டன. மேரி தார்ப் நிலையத்தை விட்டுத் தம் வீட்டிலிருந்து படம் வரைய நேர்ந்தது. ஒரே ஆசான், ஒரே காலம். ஒருபால் பெருந்தன்மை, மற்றொருபால் கடுமை. இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று நாம் பலநாள் எண்ணினோம். தம் கொள்கையை மறுத்தாரை அவர் பொறுத்தார். தம் ஆணையை மறுத்தாரைப் பொறுத்திலர் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

அவர் கொள்கைகளுட் பிழைபட்டன வேறும் உண்டு. வடதுருவக் கடல் உறையாதிருந்த காலத்தேதான் பனியூழி தோன்றிற்று என்று 1956-இல் வில்லியம் டானோடு சேர்ந்து எழுதியது நிலைக்கவில்லை. பிராங்க் பிரெஸ் என்னும் மாணாக்கரோடு அமைத்த பூகம்பமானியோ உலகெங்கும் நிறுவப்பட்டது. அந்தப் பிரெஸ் பின்னர் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டரின் அறிவியல் ஆலோசகராயினார்.

1968-இல் குளோமர் சாலஞ்சர் என்னும் துளைக்கப்பல் ஆழ்கடலடியைத் துளைக்கப் புறப்பட்டபோது, முதற்பயணத்தின் தலைமை யூயிங்குக்கும் அவர் பழைய மாணாக்கர் ஜோ வர்ஸலுக்கும் அளிக்கப்பட்டது. மெக்ஸிகோ வளைகுடாவின் ஆழத்தில் எண்ணெய்ச் சுவடு கிடைத்தது. 1969-இல் அப்பல்லோ விண்வெளியார் சந்திரனில் அதிர்ச்சிக் கருவியை வைத்தனர். லாமாண்ட் நிலையத்தார் அமைத்த அவ்வாராய்ச்சியில் யூயிங்கும் பங்கு கொண்டிருந்தார். 1934-இற் கொண்ட எண்ணம் முப்பத்தைந்தாண்டிற் கைகூடிற்று.

அதே ஆண்டு டோஹர்ட்டி என்னும் அறநிலையத்தார் பெருந்தொகை வழங்க, லாமாண்ட்-டோஹர்ட்டி நிலையம் எனப் பெயர் நீண்டது. பணம் வந்தவிடத்துப் பூசலும் வந்தது. அதனை ஆளுதல் நிலையத்திற்கோ பல்கலைக்கழகத்திற்கோ என்னும் வழக்கில் யூயிங் மனம் வெறுத்து, 1972-இல், தாம் உண்டாக்கிய இடத்தை விட்டு டெக்ஸாஸ் மாகாணத்துக் கால்வெஸ்டன் நகருக்குப் போய்விட்டார். அறுபத்தாறாம் வயதில் அங்கும் ஒரு புதிய ஆராய்ச்சிக் குழுவைத் தொடங்கினார். 1974 மே 4-ஆம் நாள் அந்நகரில் மறைந்தார். லாமாண்டில் அவர்க்குப்பின் தலைவராக வந்தவர் மாணிக் தல்வானி. இந்தியாவிற் பிறந்து, யூயிங்கின் நிலையத்திலேயே பயின்றவர்.

வீமா பத்து லட்சம் மைலுக்கு மேல் ஓடி 1981-இல் ஆராய்ச்சிப் பணியினின்றும் ஓய்ந்தது. பின்பு மாண்டலே எனப் பெயர் மாற்றப்பட்டுக் கரீபியன் கடலிற் பயணிகளின் உல்லாசக் கப்பலாயிற்று. அது கொணர்ந்த சேற்றுத்தூண்கள் பாலிஸேட்ஸில் தட்டுத்தட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பழங்காலத் தட்பவெப்பம் அறிய விழையும் மாணாக்கர் இன்றும் அவற்றைத் திறந்து, கடுகளவு மண் எடுத்து, நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்கின்றனர்.